நனைத்துப் பார்க்கப்பட்டது

மார்ச் 4

அக்கா,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன் என்று உருகிவிடாதே. இது சமாதானக் கடிதம் இல்லை, வேலைக் கடிதம். போனில் என்றால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். குழாய் ஏற்றிவரும் லாரி, நீ இப்போது மின்கோபுர வேலைக்கு நிலம் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் வழியாகத்தான் வருகிறது. ஓட்டுநர் கடிதம் கொண்டுபோய்க் கொண்டுவர ஒப்புக்கொண்டார். "ஏம்மா, அக்கா தங்கச்சிக்குள்ள பேசிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். முறைத்தேன். அடங்கிவிட்டார்.

நேற்று இங்கே யாரும் எதிர்பாராத மழை. இன்று காலை குழாய் இறக்குவதற்கு முன் பதினான்காம் பட்டையைப் பார்க்கப் போனேன். பிப்ரவரியில் என் குழாய்த்தடம் முழுக்க நடந்து, மேல்மண்ணைச் சீவவைத்து, நாற்பது மீட்டருக்கு ஒரு பட்டை என்று பிரித்து, பழங்காலத் தடயம் எதுவும் இல்லை என்று பட்டைக்கு ஒரு படிவமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதில் பதினான்காவது. நீ ஒரு முனையில், நான் மறுமுனையில், பதினெட்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படிவத்திலேயே குடும்பம் நடத்தினோம்.

அந்தப் பட்டையில், ஈரச் செம்மண்ணில், கறுப்பு வட்டங்கள். ஒன்பது. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். ஆறு நேர்வரிசையில் இருக்கின்றன, மூன்று வளைந்து பள்ளத்துச் சுவருக்குள் போகின்றன. நான் குழாய் போடுகிறவள், எனக்கு மண் படிக்கத் தெரியாது. ஆனால் உன்னோடு ஒரே அறையில் வளர்ந்தவள். மண்ணில் நட்ட மரத்தூண் மக்கினால் அந்த இடம் கறுத்துக் கிடக்கும் என்று நீ பரீட்சைக்குக் கத்திக் கத்திப் படித்ததில் பாதி எனக்கும் மனப்பாடம். பொக்லைன் ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்து, "எலி வளைங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன்.

உன் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். "பட்டை 14. நனைத்துப் பார்க்கப்பட்டது. எதுவும் இல்லை." நனைத்துப் பார்த்தவள் கண்ணுக்கு இது எப்படித் தப்பியது?

திங்கட்கிழமை அங்கே குழாய் இறங்க வேண்டும். இறக்கி மண்ணைத் தள்ளினால் கதை முடிந்தது. ஏப்ரல் கடைசிக்குள் அப்பா தெருவில் தண்ணீர் வந்துவிடும், உன் கையெழுத்துக்கும் பங்கம் வராது. யோசித்துச் சொல்.

சின்னவள்

மார்ச் 5

சின்னவளே,

குழாயை இறக்காதே. மற்றதையெல்லாம் பிறகு படி, முதலில் இதைச் செய்.

நீ கேட்டதற்குப் பதில். என் கண்ணுக்குத் தப்பவில்லை. நான் அந்தப் பட்டையை நனைக்கவே இல்லை.

காய்ந்த மண்ணுக்கு ஒரே நிறம்தான். பூமிக்குள் அரண்மனையே இருந்தாலும் வெயிலில் தெரியாது. நனைத்தால்தான் பழைய குழி ஒரு நிறம், தொடாத மண் ஒரு நிறம் என்று பிரியும். அதற்காகவே எனக்குத் தினமும் ஒரு லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பதினான்காம் பட்டை அன்று காலை அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். நான் எப்போதும் விடுதியில் குளித்துவிட்டுத்தான் அங்கே போவேன், அங்கே ஒரு சொம்பு கேட்கவும் மனசு வராது, உனக்குத் தெரியும். தெருவுக்கு நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை. அப்பா அரை டம்ளரில் முகம் கழுவி, மிச்சத்தை டீ கிளாஸ் அலசுவதற்கு எடுத்து வைத்தார். வாசலில் முப்பது வீட்டு வாளிகள் வெறுமனே வரிசையில் நின்றன. அந்த நேரம் பார்த்து என் லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தது.

நான் போய் முன்னால் நின்று, லாரியைத் தெருவுக்குள் திருப்பிவிட்டேன். இருபது நிமிடத்தில் காலி.

அதன்பிறகு பட்டைக்குப் போனேன். உச்சி வெயிலில் மண்ணைச் சீவிப் பார்த்தேன், சிவப்பாகத்தான் இருந்தது. முந்தைய பதின்மூன்று பட்டையிலும் ஒன்றுமில்லை, இதில் மட்டும் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். "நனைக்கவில்லை" என்று எழுதினால் லாரி எங்கே போயிற்று என்று கேட்பார்கள். அதனால் பதின்மூன்று முறை எழுதிய வரியையே பதினான்காவது முறையும் எழுதினேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது என்று சொல்லலாம்தான், அது பொய். தெரிந்தே எழுதினேன்.

தண்ணீரைக் கொடுத்ததற்கு எனக்கு வருத்தமே இல்லை. எழுதியதற்கு இருக்கிறது. பதினான்காம் பட்டைக்குக் கொடுத்த தடையில்லாச் சான்றைத் திரும்பப் பெறச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன்.

பெரியவள்

மார்ச் 6

அக்கா,

நீ மனுஷிதானா?

மூன்று வருடத்துக்கு முன் என் குழாய்ப் பள்ளத்தில் அந்தப் பழங்காலச் செங்கல் வரிசை கிடைத்தபோது நான் உன் காலில் விழாத குறை. இரண்டே நாள் பொறு, குழாயை ஒதுக்கிப் போட வழி பார்க்கிறேன் என்றேன். "விதி விதிதான்" என்று நீ வேலையை நிறுத்தினாய். ஏழு மாதம்! திட்டத்தைத் தாமதப்படுத்தியவள் என்று என்னைத் தூக்கிக் குழாய்க் கிடங்கில் போட்டார்கள். இரண்டு வருடம் துருப்பிடித்த வால்வுகளோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதெல்லாம் என் அக்கா என்னைப் பழிவாங்கவில்லை, அவள் நேர்மையானவள், ஒரு எழுத்துக்கூடப் பொய் எழுத மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் உன்னை முழுசாக வெறுக்காமல் இருந்தேன். இப்போது அதுவும் போயிற்று.

சரி, போகட்டும். நீ செய்தது நல்ல காரியம், நானாக இருந்தாலும் லாரியைத் திருப்பியிருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், அலுவலகத்துக்கு எழுதாதே. ஊர்த் தொட்டியை நேற்று ஏறிப் பார்த்தேன். மே இரண்டாம் வாரத்துக்கு மேல் தாங்காது. இந்தத் தடவையும் ஏழு மாதம் நின்றால், அப்பா எழுபத்துநாலு வயதில் கோடை முழுக்க வாளி தூக்குவார். நேற்று வரிசையில் நிற்கும்போது தலை சுற்றி எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாராம். என்னிடம் சொல்லவில்லை, மூலைவீட்டு அம்மா சொன்னார்.

ஒன்பது கறுப்பு வட்டத்துக்காக முப்பது வீடு காயணுமா? நீ ஒன்றும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை நான் இறக்கிக்கொள்கிறேன். பாவம் ஏதாவது இருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்.

சின்னவள்

மார்ச் 7

சின்னவளே,

உன் கடிதம் வருவதற்கு முன்பே தபாலில் சேர்த்துவிட்டேன். முன்னால் வந்திருந்தாலும் சேர்த்திருப்பேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன். நான்கே வரி. லாரியைத் திருப்பியது நான், நனைக்காமல் நனைத்ததாக எழுதியது நான், தங்கை கண்டுபிடித்துத் தெரிவித்தாள், அவளுக்கு இதில் வேறு தொடர்பில்லை. அவ்வளவுதான்.

நீ இறக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். நீயும் நானும் காலத்துக்கும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அந்த மண்ணுக்குள் யார் வீடு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமலே போகும். என் வேலையே அதைத் தெரிந்துகொள்வதுதானே. அதை விட்டுக்கொடுத்துவிட்டு நான் என்ன ஆராய்ச்சிக்காரி?

இப்போது வேலையைப் பேசுவோம். நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தாலும் அது பதினான்காம் பட்டைக்கு மட்டும்தான் வரும். நாற்பது மீட்டர். மற்றதை யாரும் தடுக்க முடியாது, விதியைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆட்களைச் சும்மா உட்கார வைக்காதே. அப்பா தெருவிலிருந்து பின்னோக்கிப் போட்டுக்கொண்டு வா. நடுவில் நாற்பது மீட்டர் மட்டும் மிச்சம் நிற்கட்டும்.

அந்தச் செங்கல் விஷயத்தில் நான் எடுத்த முடிவு சரி. அதை உன்னிடம் சொன்ன விதம் தப்பு. நீ கிடங்கில் இருந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது வந்து பார்த்திருக்க வேண்டும். பயமாக இருந்தது, வரவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கும் தகுதி இந்த வாரத்தில் எனக்கு இல்லை. அது தெரிந்தேதான் கேட்கிறேன்.

பெரியவள்

மார்ச் 17

அக்கா,

மன்னிப்பதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம், எனக்கு இப்போது நேரமில்லை.

உத்தரவு வந்துவிட்டது. நீ சொன்ன மாதிரி நாற்பது மீட்டருக்கு மட்டும். உன்னை ஒரு வருடம் எந்தச் சான்றிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று நிறுத்திவைத்த தாளையும் பார்த்தேன். படித்துவிட்டு வண்டிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். உனக்காக இல்லை, எரிச்சலில்.

உன் இடத்துக்கு வந்திருக்கிற ஆராய்ச்சியாளருக்கு நம் ஆட்கள் "எக்ஸ்பிரஸ்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒரு கல்லைச் சுற்றி வருவதற்குள் எங்களுக்கு இரண்டு டீ முடிந்துவிடுகிறது. நல்ல மனிதர், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.

அப்பா தெருவிலிருந்து பின்னோக்கிப் போட ஆரம்பித்துவிட்டோம். அப்பா காலையிலேயே குடையோடு வந்து நின்றுகொள்கிறார். முப்பது வருடம் பஸ் பட்டறையில் நட்டு முறுக்கியவர் அல்லவா, என் ஆட்கள் முறுக்குவது அவருக்கு ஆகவில்லை. "இன்னும் அரைச் சுத்து இருக்குப்பா" என்று எல்லாரையும் விரட்டுகிறார்.

சிக்கல் என்னவென்றால், எக்ஸ்பிரஸுக்குத் தண்ணீர் லாரி கிடையாதாம். எல்லா லாரியும் குடிதண்ணீருக்குத்தான். சரியான முடிவுதான், அதற்கு நான் யாரோடு சண்டை போடுவது? "ட்ரையா பார்த்து நான் கையெழுத்துப் போட முடியாதும்மா, மழை வரட்டும்" என்கிறார். மழைக்கு ஜூன் ஆகும். அன்றைக்குப் பெய்தது எங்கள் தலையெழுத்துக்கு வந்த மழை.

நீ எவ்வளவு குறைந்த தண்ணீரில் வேலை செய்வாய்? கை கட்டி உட்கார எனக்குத் தெரியாது. சொல்.

சின்னவள்

மார்ச் 19

சின்னவளே,

எழுதிக்கொள்.

ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். செடிக்கு மருந்தடிக்கும் தெளிப்பான் இரண்டு வாங்கு. காலை ஆறிலிருந்து எட்டுக்குள் சாய்ந்த வெயிலில் பார்க்க வேண்டும், மத்தியானத்தில் எவ்வளவு தெளித்தாலும் வீண். முதலில் கொத்துக்கரண்டியால் காகித கனத்துக்குச் சீவுங்கள். சீவின இடத்தில் உடனே ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள், அரைமணி கழித்து எடுத்துவிட்டுத் தெளியுங்கள். ஒரு நாளைக்கு நாலு மீட்டர். இருபது வாளி போதும். பத்து நாளில் நாற்பது மீட்டரும் முடிந்துவிடும். குடிக்கிற தண்ணீராக இருக்க வேண்டியதில்லை, காய் கழுவிய தண்ணீர் போதும். சோப்பு மட்டும் கலந்திருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இருபது வாளிக்காகத் தெருவில் போய்க் கேட்காதே. அன்றைக்கு நான் எதையும் எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை, இப்போது அதைச் சொல்லி வாங்குவது எனக்குக் கேவலமாக இருக்கிறது. அப்பாவிடமும் எதுவும் சொல்லாதே. பெரியவள் பொய் எழுதினாள் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

எனக்கு இங்கே கிடங்கில் உடைந்த பானை ஓடுகளைக் கழுவுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் நீ எப்படி இருந்திருப்பாய் என்று நான்கு நாளிலேயே புரிந்துவிட்டது.

பெரியவள்

ஏப்ரல் 2

அக்கா,

அப்பாவிடம் சொல்லாதே என்றாய். அன்றைக்கே சொல்லிவிட்டேன். நீ சொன்னதை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்?

முழுவதையும் கேட்டார். பிறகு, "அந்த லாரித் தண்ணியிலதான் நானும் குளிச்சேன்" என்றார். எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

முதல் வீடு மூலைவீடு. அந்த அம்மாவை உனக்குத் தெரியுமே, வரிசையில் நிற்கிற எல்லாரிடமும் சண்டை பிடிப்பார். அப்பா வாசலில் நின்று, "பிப்ரவரில ஒரு நாள் லாரி உள்ள வந்துதே, அது நமக்கு வந்த லாரி இல்லம்மா. என் பெரிய பொண்ணு வேலைக்கு வந்தது. அதுக்காக அவ இப்ப வேலையில மாட்டிக்கிட்டு நிக்கிறா" என்றார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்டார், "அதை ஏன் இத்தனை நாள் சொல்லலை? இப்ப எவ்வளவு வேணும்?"

"இருபது வாளி. பத்து நாளைக்கு."

"இதுக்கா இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்க?"

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு நான் பட்டைக்குப் போனால், எனக்கு முன்னால் வாளிகள் நிற்கின்றன. காய் கழுவினது, அரிசி களைந்தது, கை கழுவினது. அரிசி களைந்தது வெள்ளையாக இருக்கிறதென்று எக்ஸ்பிரஸ் அதைச் சாக்கு நனைக்க மட்டும் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வாளியையும் முகர்ந்து பார்த்து, சோப்பு வாசனை அடித்த இரண்டைத் திருப்பி அனுப்பினார். மூலைவீட்டு அம்மா அந்த இரண்டு வீட்டையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். பத்து நாளும் ஒரு வாளி குறையவில்லை. எக்ஸ்பிரஸ்கூட வேகமாகிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்.

இனி நீ கேட்க நினைப்பதைச் சொல்கிறேன். அது ஒரு வீடு. பள்ளத்துக்குப் பக்கத்தில் அகலமாகச் சீவியதும் வளைவு முழுசாகத் தெரிந்தது. தூண் குழி இருபத்துமூன்று. நடுவில் அடுப்புச் சாம்பல். வாசல் ஓரத்தில் கழுத்து வரை புதைத்து வைத்த பெரிய பானை. தண்ணீருக்காக இருக்கலாம் என்கிறார் எக்ஸ்பிரஸ், உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றும் சொல்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்குக் குறையாதாம். அப்பா அந்த வாசலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மேற்கப் பார்த்து வாசல் வச்சிருக்கான், சாயங்கால வெயிலுக்கு என்ன பண்ணினானோ" என்று கவலைப்பட்டார்.

படம், அளவு எல்லாம் எடுத்தாகிவிட்டது. பானையை எடுத்துவிட்டு நேராகவே குழாய் போடலாம், விதி அனுமதிக்கிறது என்றார் எக்ஸ்பிரஸ். யோசித்துச் சொல்ல நான் அவரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

சின்னவள்

ஏப்ரல் 4

சின்னவளே,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மூன்று முறை வாளிக்காக, ஒரு முறை பானைக்காக. முன்பெல்லாம் இது தலைகீழாக இருந்திருக்கும்.

நேராகப் போடுவதா வளைத்துப் போடுவதா என்று நான் சொல்ல மாட்டேன். சொல்கிற உரிமையை ஒரு முறை எடுத்துக்கொண்டு உன்னைக் கிடங்கில் தள்ளினேன். அது உன் குழாய், உன் தேதி. எப்படிப் போட்டாலும் உன்னோடு நிற்பேன்.

அங்கே வர ஆசையாகத்தான் இருக்கிறது. அப்பா முன்னால் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. தெருவில் யார் முகத்திலும் எப்படி முழிப்பேன்? கொஞ்சம் போகட்டும்.

பெரியவள்

ஏப்ரல் 27

அக்கா,

நேற்றுக் காலை ஒன்பது இருபதுக்கு அப்பா வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் காற்று, அப்புறம் செம்மண் நிறத்தில் ஒரு கலங்கல், அப்புறம் தண்ணீர். அப்பா இரண்டு கையிலும் ஏந்தி முகம் கழுவினார், சட்டையெல்லாம் நனைந்தது, துடைக்கவில்லை. மூலைவீட்டு அம்மா வரிசை இல்லாமல் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். சண்டைக்கு ஆள் கிடைக்கவில்லை பாவம், கடைசியில் என்னோடு பிடித்தார். தண்ணீர் வேகம் போதாதாம்.

பதினான்காம் பட்டையில் குழாய் ஆறு மீட்டர் விலகிப் போகிறது. வளைவுக் குழாய்த் துண்டுகள் போட்டு வளைத்தேன். ஒரு வாரம் கூடுதல் வேலை, ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து முடித்தார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று வருடத்துக்கு முன் இரண்டு நாள் கொடு என்று உன்னிடம் கேட்டேனே, அது இதற்குத்தான். எனக்கு அப்போதே வளைக்கத் தெரியும் அக்கா.

வரைபடத்தில் வளைவு வந்தால் அதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. "தொல்லியல் காரணம்" என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டு, "இங்கே ஒரு வீடு இருக்கிறது" என்று எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

குழாய் வேலை முடிந்ததால், மிஞ்சியதை ஏற்றிப்போக லாரி வரும் சனிக்கிழமை கடைசியாக உன் ஊர் வழியாக இங்கே வருகிறது. இனிமேல் கடிதம் சுமக்க முடியாது, வேண்டுமானால் அக்காவையே ஏற்றி வருகிறேன் என்கிறார் ஓட்டுநர். முன்சீட்டைக் காலியாக வைக்கச் சொல்லிவிட்டேன். அப்பா முன்னால் எப்படி நிற்பது என்று கேட்டாயே, அவர் அன்று காலையிலிருந்து வாசலில்தான் உட்கார்ந்திருப்பார், நீ நிற்க வேண்டிய வேலையே இருக்காது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். இந்தத் தடவை விடுதியில் குளித்துவிட்டு வராதே. அப்படியே புழுதியோடு வா.

சின்னவள்